கொத்தமல்லின்னா என்ன?

(கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் மூத்த குடிமக்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஒரு பேச்சு–மொழி சிகிச்சையாளர் ஆற்றிய உரை)

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். மேடை மரியாதைக்காகச் சொல்லவில்லை. பாறையில் துளை போடும் மெஷினோடு இருபது வருஷம் சுரங்கத்தில் இருந்தவர்களின் காது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் பக்கத்து லைன் வீட்டிலிருந்து பதில் வரும். அந்தக் காது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்த லைன் என்பதும் வேண்டாம். இந்த ஊரில் லைனைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அவர் சுரங்கக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை அவர் மனைவி பையைக் கையில் கொடுத்து, "அரை கிலோ தக்காளி, நாலு எலுமிச்சம்பழம், ஒரு கட்டு கொத்தமல்லி" என்று சொல்லி அனுப்பினார். எம்.ஜி. மார்க்கெட்டுக்குப் போனார், வந்தார். தக்காளி இருந்தது, எலுமிச்சை இருந்தது, மீதிச் சில்லறை ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது. கொத்தமல்லி இல்லை.

"கொத்தமல்லி எங்கங்க?"

"அதைக் கேக்கணும்னுதான் வந்தேன். கொத்தமல்லின்னா என்னம்மா?"

காலங்காத்தாலே வம்பு வளர்க்கிறார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். நாற்பது வருஷக் குடித்தனம், அப்படி நினைப்பது இயல்புதான். "ம்... கொத்தமல்லின்னா கொத்தமல்லி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆமைன்னா என்ன?" என்றார். அதற்கடுத்து, "சுண்ணாம்புன்னா?" அப்போதுதான் அந்த அம்மாவுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

அந்தக் காலையில் அவர் எதையெல்லாம் மறக்கவில்லை என்று பாருங்கள். வழியை மறக்கவில்லை. கணக்கை மறக்கவில்லை. மூன்று சாமான் சொன்னதை மறக்கவில்லை. 'கொத்தமல்லி' என்ற சொல்லைக்கூட மறக்கவில்லை. ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். வாங்கவில்லை, அதனால் கேட்க வேண்டும் என்ற நினைப்பு வீடு வரும்வரை இருந்தது. இவருக்கு 'மறதி' என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் மார்க்கெட்டில் பச்சைப் பசேல் என்று குவித்து வைத்திருந்த கட்டுகளுக்கு முன்னால் அவர் நின்றிருக்கிறார். கடைக்காரர், "கொத்தம்பரி சொப்பு சார், ஃபிரெஷ்ஷு" என்று கையில் எடுத்தும் காட்டியிருக்கிறார். அது ஏதோ இலை. அதற்கும் அவர் வாயில் இருந்த சொல்லுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு பாட்டியம்மாவைச் சொல்கிறேன். அவரைக் கடைக்கு அனுப்பினால் தெருமுனையில் நின்று, எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்து, "எனக்கு யாரும் ஒரு வாய் குடுக்கல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, மருமகள் தலைகுனிய வேண்டியிருக்கும். ஆனால் அவர் கையில் ஒரு கட்டு கொத்தமல்லியைக் கொடுத்தால், வேரைக் கிள்ளி, பழுத்த இலையை ஒதுக்கி, "தொவையல் அரைக்கலாம்டி, புளி கொஞ்சமா வை" என்பார்.

இரண்டு பேருக்கும் டிமென்ஷியாதான், மூளையின் திறன்கள் படிப்படியாகத் தேய்கிற நோய். ஒருவரிடம் போனது இன்னொருவரிடம் இருக்கிறது. அப்படியானால் நாம் 'நினைவு' என்று ஒரே சொல்லால் சொல்வது ஒரே சரக்கு அல்ல என்றாகிறது.

இதை 1972இல் பிரித்துச் சொன்னவர் கனடாவில் இருந்த எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர். நமக்கு நடந்தவற்றின் நினைவு ஒன்று. உலகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றின் நினைவு, அதாவது பொருள் நினைவு, இன்னொன்று. நேற்று மாரிக்குப்பத்தில் ரயில் ஏறும்போது செருப்பு அறுந்தது என்பது முதல் வகை. ரயில் என்றால் என்ன, செருப்பு எதற்கு என்பது இரண்டாம் வகை. அந்த இரண்டாவதை எந்த நாளில், யாரிடம் கற்றுக்கொண்டோம் என்று நம்மில் யாருக்கும் சொல்ல வராது. ஆனால் தெரியும்.

தமிழில் இதைச் சொல்ல எனக்கு வசதியான இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று டைரி, இன்னொன்று நிகண்டு. அகராதி என்று சொல்லாமல் நிகண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அகராதி சொற்களை எழுத்து வரிசையில் அடுக்குகிறது; அப்படி அடுக்கினால் 'யானை'க்குப் பக்கத்தில் 'யாழ்' வந்து உட்காரும். நம் தலைக்குள் அப்படி இல்லை. சேந்தன் திவாகரத்தை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று இனம் இனமாகப் போகும். யானைக்குப் பக்கத்தில் குதிரை நிற்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த அடுக்குமுறை, இன்றைக்கு மூளை ஆய்வாளர்கள் பொருள் நினைவைப் பற்றிப் பேசும்போது சொல்வதோடு வியக்கும்படி ஒத்துப்போகிறது. பாட்டியம்மாவிடம் டைரி கிழிந்துகொண்டிருக்கிறது. கணக்குக்காரரிடம் நிகண்டு கிழிந்துகொண்டிருக்கிறது.

நிகண்டு மட்டும் கிழிகிற நோயைக் கண்டுகொள்ள மருத்துவ உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1892இல் பிராகில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர், 71 வயதில் பேச்சும் புத்தியும் மங்கிய ஒருவரைப் பற்றி எழுதினார். மூளையின் ஒரு பகுதி மட்டும் சுருங்கினாலும் இப்படி ஆகும் என்பது அப்போது புதிய செய்தி. 1943இல் ஜப்பானில் இமுரா என்ற மருத்துவர், சொல்லின் பொருள் மட்டும் போய்விடுகிற ஒரு பேச்சுக் கோளாறை விவரித்தார். ஜப்பானியர்களுக்கு இரண்டு விதமான எழுத்து. ஒன்று நம்முடையது மாதிரி ஒலிக்கு ஒரு எழுத்து. இன்னொன்று சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து. சொல் தெரிந்தால்தான் அதைச் சரியாக வாசிக்க முடியும். இமுரா பார்த்தவர்கள் ஒலி எழுத்தைக் கடகடவென்று வாசித்தார்கள், சித்திர எழுத்தில் தடுமாறினார்கள். 1975இல் லண்டனில் எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளிகளை வைத்து, பொருள் நினைவு தனியாகவே சிதையக்கூடும் என்று காட்டினார். அதற்கு 'செமான்டிக் டிமென்ஷியா' என்று பெயர் வைத்தது 1989இல் ஜூலி ஸ்னோடனும் அவருடைய சகாக்களும். தமிழில் சொற்பொருள் மறதி நோய் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் வழங்கும் பெயர் 'புத்தி மாறிடுச்சு'. அந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் புத்தி மாறவில்லை.

இமுரா சொன்னதைப் படித்தபோது நம் தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு யோசனை வந்தது. ஆய்வு முடிவு இல்லை, என் யோசனைதான். நம் எழுத்து ஒலி எழுத்து. பொருள் தெரியாமலே தமிழில் ஒரு பக்கத்தை உரக்க வாசித்துவிடலாம். அதனால் ஒருவர் தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறார் என்பதை வைத்து 'நன்றாகத்தான் இருக்கிறார்' என்று முடிவு கட்டாதீர்கள். வாசித்தது என்ன என்று ஒரு வரி கேளுங்கள். அப்படியும் தமிழில் ஒரு சின்னப் பொத்தல் உண்டு. 'காந்தி' என்று எழுதி நாம் வாசிக்கும்போது முதல் எழுத்தை அழுத்தாமல் மென்மையாகச் சொல்கிறோம். 'காந்தம்' என்றால் வல்லினமாகவே சொல்கிறோம். எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். காந்தி யார் என்று தெரிவதால்தான் நாக்கு அப்படிப் போகிறது. அந்த இடத்தில் ஒருவர் தடுமாறினால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

சரி, இது மூளையில் எங்கே நடக்கிறது? நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள். இரண்டு பக்கமும். அதற்கு உள்ளே, பக்கவாட்டு மடலின் முன் நுனி. இந்த நோயில் அந்த நுனிதான் சுருங்குகிறது. பெரும்பாலும் இடது பக்கம் முதலில். அப்போது சொற்கள் போகின்றன. வலது பக்கம் முதலில் சுருங்கினால் மனிதர்களின் முகங்கள் அடையாளம் தெரியாமல் போகும். போகப்போக இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நுனி சுருங்கினால் ஆமையும் சுண்ணாம்பும் கொத்தமல்லியும் ஏன் சேர்ந்து போக வேண்டும்? வேறு ஊரில் இதை விளக்க நான் படாத பாடு படுவேன். இங்கே சுலபம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிறது, எத்தனை லெவல்! ஒவ்வொரு லெவலிலும் தனி வேலை நடந்தது. கொத்தமல்லியின் நிறம் ஒரு லெவலில் இருக்கிறது, வாசனை இன்னொன்றில், அதை ஆய்கிற கையின் பழக்கம் வேறொன்றில், அந்தப் பெயரின் ஓசை மற்றொன்றில். எல்லா லெவலும் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் வந்து சேர்ந்தால்தான் கேஜ் என்கிற லிஃப்ட் ஏற்றி மேலே கொண்டுவரும். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருப்பது அந்த ஷாஃப்ட். அது இடிந்தால் லெவல்கள் கீழே அப்படியே இருக்கலாம், கல்லும் பொன்னும் கிடக்கலாம், மேலே எதுவும் வராது. காரலின் பேட்டர்சனும் கூட்டாளிகளும் 2007இல் இந்தக் கருத்தைச் சக்கரத்தின் குடமும் ஆரங்களும் என்ற உவமையில் எழுதினார்கள். அவர்கள் நம் சாம்பியன் ரீஃபின் கிஃபோர்ட்ஸ் ஷாஃப்டைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது பிள்ளைகளுக்கு 'ஸ்டோப்' என்றால் தெரியாது, 'கேஜ்' என்றால் பறவைக் கூண்டு. ஆகவே ஊருக்கே மறதி நோய் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, அவ்வளவுதான், சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வார்கள். ஒரு நோயாளியின் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் அந்த உவமையை எடுக்கமாட்டார்கள்.

நிகண்டு கிழிவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நுணுக்கமான சொல் போகும், பிறகு பொதுச்சொல். ஒருவர் மரங்கொத்தியைப் பார்த்து 'குருவி' என்பார். ஒரு வருஷம் கழித்து 'பறவை' என்பார். அதற்கும் பிறகு 'ஏதோ மிருகம்'. கடைசியில் 'அது'. பேச்சு நிற்காது, இலக்கணம் பிசகாது, வேகம் குறையாது; ஆனால் 'அது, அந்த சாமான், அங்க இருக்குமே' என்று நிறைந்து வழியும். கேட்பவருக்குப் பேச்சு சரளமாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே பொருள் கழன்றுபோயிருக்கும்.

இது வாயில் மட்டும் நடப்பதில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை செய்தார்கள். வாத்துப் படத்தைக் காட்டி, எடுத்துவிட்டு, சிறிது நேரத்தில் வரையச் சொன்னார்கள். வாத்துக்கு நாலு கால் வந்தது. ஒட்டகத்துக்குத் திமில் போனது. வாத்தை வாத்தாக ஆக்குவது எதுவோ அது உதிர்ந்து, 'விலங்கு' என்கிற பொது உருவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விலங்கு என்றால் நாலு கால்தானே? நான்கூட ஒரு பெரியவரைச் சேவல் வரையச் சொன்னேன். கொண்டையில்லாமல், வால் தூக்கி, நாலு காலில் நின்றது. ஒரு கண்ணை மட்டும் ரொம்ப அழகாகப் போட்டிருந்தார்.

மிஞ்சுவது எது? எண் பெரும்பாலும் மிஞ்சும். அதனால்தான் நம் கணக்குக்காரரின் சில்லறை தப்பவில்லை. அண்மையில் நடந்தவை ஓரளவு மிஞ்சும். பழையவை மங்கும்; அல்சைமருக்கு இது நேர் எதிர். கையோடு பழகிய சொந்தச் சாமான் மிஞ்சும். ஆய்வாளர் கொண்டுவந்த கெட்டிலை என்ன என்று தெரியாமல் புரட்டிப் பார்ப்பவர், தன் வீட்டுக் கெட்டிலில் டீ போடுவார். அது சொந்த வீட்டில் மட்டும், அதே இடத்தில் இருந்தால் மட்டும். மகன் அன்பாகப் புது மிக்ஸி வாங்கிக் கொடுத்து, பழையதைத் தூக்கிப் போட்டான் என்றால், அன்றோடு சமையல் நின்றுபோகும்.

சொந்த வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிற சொல்லும் மிஞ்சும். ஓர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியிடம் படங்களைக் காட்டினேன். குடை தெரியவில்லை. கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியலை மூடி வைத்துவிட்டு, சும்மா, "ஏர் பிளாஸ்ட்னா என்னங்க அண்ணே?" என்றேன். பாறை வெடிப்புக்கு நம் ஊர்ப் பெயர் அதுதான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்திரமெல்லாம் உருளும். பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்டு கிட்ட ஓடியாருவாங்க. யாரு வரல, யாரு வரலன்னு..." அதற்கு மேல் சொல்லவில்லை. குடை போய்விட்ட ஆளிடம் அது போகவில்லை. நிகண்டில் கிழிந்த பக்கம் டைரியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அல்சைமர் நோயிலும் பொருள் நினைவு தப்புவதில்லை. அது மெதுவாக, பின்னாலிருந்து வந்து அரிக்கும். மருத்துவரிடம் போனால் 'ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் பேர் சொல்ல முடியும், சொல்லுங்க' என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். என்னடா சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நிகண்டின் விலங்குத் தொகுதியைத் திறந்து புரட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. நல்ல நிலையில் இருப்பவர் மாடு, ஆடு, நாய், பூனை என்று வீட்டைச் சுற்றி, பிறகு சிங்கம், புலி என்று காட்டுக்குப் போவார். பக்கம் கிழிந்தவர் மாடு, ஆடு, மாடு என்று வாசலிலேயே நிற்பார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தெரியாதது வேறு, தெரிந்திருந்து தொலைந்தது வேறு. இரண்டும் சோதனைத் தாளில் ஒரே தப்பாகத்தான் விழும். வெளிநாட்டில் உருவான ஒரு புகழ்பெற்ற சோதனையில் படங்கள் உண்டு: பெங்குவின், கங்காரு, நங்கூரம், ஹார்ப் என்கிற நரம்பு வாத்தியம், அக்கார்டியன், பீப்பாய், ஒட்டகம். இந்தியாவில் பயன்படுத்தும்போது திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பங்காருப்பேட்டை சந்தையைத் தாண்டாத ஓர் அம்மாவிடம் ஹார்ப்பைக் காட்டி, 'தெரியல' என்றதும் ஒரு மதிப்பெண் குறைத்தால் அது என்ன நியாயம்? இந்த ஊரில் இன்னொரு வேடிக்கை. கிளப்பில் பேண்டு வாசித்தவர்களைப் பார்த்து வளர்ந்த சிலர் அக்கார்டியனை 'டக்'கென்று சொல்லிவிடுவார்கள். அதே ஆளுக்கு முறம் தெரியவில்லை என்றால்தான் எனக்குப் பயம் வரும்.

ஆகவே, அவருக்கு முன்பு என்ன தெரியும் என்பது தெரிந்தால்தான் என்ன தொலைந்தது என்று சொல்ல முடியும். அது டாக்டருக்குத் தெரியாது. ஸ்கேனுக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மொழி விஷயமும் இதில்தான் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டு மக்களுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பு உருவாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி செய்தது நல்ல காரியம். முதலில் அதைச் செய்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. நம் ஆள் பெங்களூர் போய் உட்கார்ந்தால், 'கன்னடா பருத்தா?' என்று கேட்பார்கள். 'பருத்தே' என்று இவரும் பெருமையாகச் சொல்லுவார். கடை கன்னடமும் ஆபீஸ் கன்னடமும் வரும்தான். அம்மா சொல்லிக்கொடுத்த பூச்சி பொட்டு பெயர் கன்னடத்தில் வருமா? 'எனக்கு வீட்டு மொழி தமிழ்' என்று முதலிலேயே சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

ஆனால் நாலு மொழி புழங்குவதே இந்த ஊருக்கு ஒரு சோதனைக் கருவி. அந்த அம்மா, கணக்குக்காரரின் மனைவி, யாரும் சொல்லாமலே அதைச் செய்திருந்தார். "கொத்தமல்லிங்க" என்றார். தெரியவில்லை. "கொத்தம்பரி" என்றார். தெரியவில்லை. அந்த அம்மாவின் தாய்வீட்டில் தெலுங்கு, "கொத்திமீரா" என்றார். கடைசியில் இங்கிலீஷில் "கொரியாண்டர்" என்றார். நாலும் 'கொ'வில் தொடங்கி நாலும் தரையில் விழுந்தன. ஒரு மொழியில் வராத சொல் இன்னொன்றில் வந்தால், பெரும்பாலும் அது நாக்கு நுனியில் நிற்கும் சாதாரண விஷயம். நம் எல்லோருக்கும் வயதானால் வருவது. எல்லா மொழியிலும் போய், பொருளைக் கையில் கொடுத்தும் தெரியவில்லை என்றால், போனது சொல் இல்லை, அந்தப் பொருளைப் பற்றிய அறிவே. பலவீனமான மொழி முதலில் உதிரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, பேசும்போது தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பதை நோயின் அடையாளம் என்று பயந்துவிடாதீர்கள். அது கே.ஜி.எஃப். அடையாளம்.

பல மொழி புழங்குவது நன்மையும் செய்யலாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தள்ளித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆகவே படிப்பினால் வந்தது என்று தள்ள முடியாது. வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தள்ளிப்போகும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள், வராது என்று சொல்லவில்லை. நம் கணக்குக்காரருக்கு நாலு மொழி.

நம் மாவட்டத்திலேயே, ஸ்ரீநிவாசபுரா தாலுக்கா கிராமங்களில், பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒரு நெடுங்கால ஆய்வு நடத்துகிறது. 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் கிராமத்தாரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது நோக்கம். ஒருவரின் நினைவை இன்று ஒரு நாள் அளந்தால் அவருக்கு முன்பு என்ன தெரியும் என்று தெரியாது. வருஷா வருஷம் அளந்தால் அவரையே அவரோடு ஒப்பிடலாம். தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் பேர் போன ஸ்ரீநிவாசபுராவில் நடக்கிற இந்த வேலை நம் தாலுக்காவில் பலருக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், மொத்தம் சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. சுரங்கம் மூடியபோது 45 வயதில் வெளியே வந்தவர்களுக்கு இப்போது எழுபது. நான் சொல்ல வருவது புரிகிறதல்லவா? சொற்பொருள் மறதி நோய் அந்தக் கூட்டத்தில் சிறுபான்மைதான். ஆனால் அது பலருக்கு 65க்கு முன்பே தொடங்குவதால், 'இந்த வயசுல மறதியா' என்று தட்டிக் கழிக்கப்படுகிறது. மனநோய் என்றும், குடி என்றும், திமிர் என்றும் வேறு பெயர் வாங்கிவிட்டுத்தான் அவர்கள் சரியான இடத்துக்கு வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேறு எதற்கோ மாத்திரை கொடுத்தார்கள்.

காது விஷயம். கேட்காததை மறதி என்று நினைப்பதும் உண்டு, மறதியைக் கேட்கவில்லை என்று நினைப்பதும் உண்டு. 'கொத்தமல்லியா? என்ன?' என்று ஒருவர் கேட்டால், முதலில் கொத்தமல்லியைக் காட்டுங்கள். பார்த்ததும் 'ஓ, இதுவா' என்றால் காது. அப்படியானால் காதுக் கருவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கேளாமையைக் கவனிக்காமல் விடுவதே டிமென்ஷியாவுக்கான ஆபத்துகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் குழு எழுதியிருக்கிறது. தைராய்டு குறைவு, பி12 குறைவு இவற்றாலும் நினைவு மங்கும். அவை ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தில் தேறும். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பெரிய பெயருக்குப் போகலாம்.

இங்கே இன்னொரு சிக்கல். பிள்ளைகள் விடியும் முன் பெங்களூர் ரயில் ஏறி, இரவு திரும்புகிறார்கள். பகல் முழுக்க அப்பா அம்மாவைப் பார்ப்பது யார்? நம் லைன் வீடுகளில் நடுச்சுவர் ஒன்று. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எல்லாம் கேட்கும். அவரைக் கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, அவர் என்ன கேட்டார், எந்தப் பொருளைப் பார்த்துக் கேட்டார், முன்பு அது அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று எழுதுங்கள். "2ஆம் தேதி, முறத்தைப் பார்த்து 'இது என்ன' என்றார். முப்பது வருஷம் அதில் அரிசி புடைத்தவர்." பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கோ வேறு எங்கோ போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். ஸ்கேன் ஃபிலிமுக்கு முன்னால் டாக்டர் அதைப் படிக்கட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: ஃபினாயில், ஆசிட், எலி மருந்து. பாட்டிலில் எழுதியிருப்பதை அவர் வாசிப்பார், பொருள் தெரியாது. பூட்டி வையுங்கள். சிலருக்கு இனிப்பின் மேல் ஆசை மிகும், நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரே மாதிரி நடப்பார்கள், துக்க வீட்டில் சிரிப்பார்கள். சண்டை போடாதீர்கள்.

மருந்து? சொற்பொருள் மறதி நோயைத் திருப்பும் மருந்து இன்று இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரைகள் இதற்குப் பலன் தருவதில்லை. தொலைந்த சொல்லைத் திரும்பப் பழக்க முடியுமா என்றால், முடியும், ஓரளவு. அவருடைய சொந்தச் சாமானின் போட்டோவை வைத்து, தினமும், கொஞ்சம் சொற்களை மட்டும். நிறுத்தினால் நழுவும். புத்தகத்துப் படம் வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பு, உங்கள் வீட்டுக் களி துடுப்பு.

கணக்குக்காரர் வீட்டில் இதை நான் சொல்லிக்கொடுக்கும் முன்பே அந்த அம்மா வேறொன்று கண்டுபிடித்திருந்தார். கடைக்கு அனுப்பும்போது, ஒரு கிள்ளு கொத்தமல்லியை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்புவார். "இதைக் காட்டி, இது மாதிரி ஒரு கட்டுன்னு கேளுங்க." அவர் காட்டுவார், கடைக்காரர் கொடுப்பார், சில்லறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவார். போகப்போகப் பையில் ஒரு பூண்டுப் பல், ஒரு காய்ந்த மிளகாய், நாலு துவரம்பருப்பு. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் தட்டினால் ஒரு குழம்புக்கு ஆகும் என்று அந்த அம்மா சொல்லிச் சிரித்தார்.

நான் போயிருந்த அன்று அங்கேதான் சாப்பாடு. ரசத்தில் மிதந்த இலையைக் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளி, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"நீங்க வாங்கியாந்ததுதாங்க" என்றார் அந்த அம்மா.